திண்ணை குடும்பக் குழு: பாட்டுக்குள் ஒரு குருவி

நிலா, இரவு 8:41
பாப்பா ஒருவழியாகக் கண் அசருகிறாள். மூன்று நாளாக இந்த ஒரு பாட்டு ஓடினால்தான் தூக்கமே.
[ஆடியோ]

மதுரை அத்தை, 8:46
கேட்டேன் கண்ணு. பாட்டு இதமாக இருக்கிறது. பின்னால் குருவி கத்துகிறதே, ஜன்னலைச் சாத்து. கொசு வந்துவிடும்.

நிலா, 8:47
அத்தை, குருவி வெளியே இல்லை. பாட்டுக்குள்ளேயே இருக்கிறது 😄

மதுரை அத்தை, 8:48
பாட்டுக்குள் குருவியா? நல்ல கூத்து.

பெரியப்பா, 8:50
[படம்: தாமரைப் பூ, இனிய காலை வணக்கம்]

அருண், 8:50
அப்பா, மணி ஒன்பதாகப் போகிறது. இரவு.

சித்தப்பா, 8:53
யாரம்மா அது, என் ஆளைப் பாடவிட்டது! அமெரிக்கப் பாடகி மின்னி ரிப்பர்டன். ‘லவ்விங் யூ’. 1974இல் வந்த ‘பெர்ஃபெக்ட் ஏஞ்சல்’ ஆல்பத்தில் இருக்கிறது. என்னிடம் எல்பி இசைத்தட்டு உண்டு. அட்டையில் தோள்பட்டை வார் வைத்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, உருகி வழிகிற ஐஸ்கிரீமோடு சிரிப்பாள்.

சித்தி, 8:54
போச்சு. தோசை ஆறுகிறது இங்கே.

அருண், 8:56
பாடகர் ஸ்டீவி வொண்டர் செய்துகொடுத்த ஆல்பம்தானே சித்தப்பா? அந்த நாலைந்து வருடம் அவர் எதைத் தொட்டாலும் பொன். மின்னிக்கு அடித்தது யோகம்.

சித்தப்பா, 8:57
அப்படியா? நாளை இங்கே வா, உறையைக் கையில் கொடுக்கிறேன். யார் என்ன வாசித்தார்கள் என்ற பட்டியலில் ஸ்டீவி பெயரைக் கண்டுபிடி பார்ப்போம்.

அருண், 8:57
இல்லையா?

சித்தப்பா, 9:01
‘எல் டோரோ நீக்ரோ’ என்று ஒரு ஆள் இருப்பார். ஸ்பானிஷ். கருங்காளை என்று அர்த்தம். அதுதான் ஸ்டீவி. அவர் மோடவுன் கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்தவர், மின்னியை எடுத்ததோ எபிக். அடுத்த கம்பெனி ரெக்கார்டில் தன் பெயரைப் பெரிதாகப் போட வழியில்லை. அதனால் புனைபெயர்.

மதுரை அத்தை, 9:02
கருங்காளையா! எங்கள் அலங்காநல்லூரில் அவிழ்த்துவிட்ட மாதிரி அல்லவா இருக்கிறது பெயர்.

சித்தப்பா, 9:04
அக்கா, தயாரித்தவர் பெயரும் அப்படித்தான், ‘ஸ்கார்பு புரொடக்‌ஷன்ஸ்’. மின்னியும் அவள் கணவர் ரிச்சர்ட் ருடால்ஃபும் விருச்சிக ராசி, ஸ்டீவி ரிஷப ராசி. ஆங்கிலத்தில் தேள் ராசி ஸ்கார்பியோ, காளை ‘bull’. இரண்டையும் ஒட்டவைத்தால் ஸ்கார்பு.

பெரியப்பா, 9:06
ஸ்டீவி பிறந்த தேதி என்ன?

சித்தப்பா, 9:06
1950 மே 13. மின்னி 1947 நவம்பர் 8.

பெரியப்பா, 9:11
தவறு. மே 13 நம் கணக்கில் சித்திரை மாதக் கடைசி. சூரியன் மேஷத்தில்தான் இருக்கும். நவம்பர் 8 ஐப்பசி, துலாம். காளையும் இல்லை, தேளும் இல்லை. ஆடும் தராசும்.

அருண், 9:12
ஆட்டுத் தராசு புரொடக்‌ஷன்ஸ் 😂 கறிக்கடைக்குத்தான் பொருந்தும்.

நிலா, 9:13
சிரிக்க வைக்காதீர்கள், மடியில் இருக்கிறாள். சித்தப்பா, அந்த உச்சியில் போகிறதே, அது குரலா, கருவியா?

மதுரை அத்தை, 9:14
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். மேல் ஷட்ஜத்தைத் தாண்டி எங்கேயோ போகிறாள். பொய்க்குரலோ?

சித்தப்பா, 9:19
அதற்கும் மேலே ஒரு படி அக்கா. விசில் ரெஜிஸ்டர் என்பார்கள். சிறு வயதில் சிகாகோவில் ஓபரா பயிற்சி எடுத்தவள். ஆனால் ஓபராவுக்குப் போகவில்லை. பதின்வயதிலேயே செஸ் ரெக்கார்ட்ஸ் வாசலில் போய் நின்றாள். அங்கே வரவேற்பறையில் போன் எடுக்கிற வேலையும் பார்த்தாள், மற்றவர்களுக்குப் பின்குரலும் பாடினாள். அப்புறம் ரோட்டரி கனெக்‌ஷன் என்ற குழு. 1970இல் சார்ல்ஸ் ஸ்டெப்னி இசைக்கோர்ப்பில் தனி ஆல்பம் ஒன்று. இன்றைக்குத் தேடித் தேடி வாங்குகிறார்கள், அன்றைக்குச் சீண்ட ஆளில்லை.

சித்தப்பா, 9:21
மனம் விட்டுப்போய்க் கணவரோடு புளோரிடாவில் கெயின்ஸ்வில் என்ற ஊருக்குப் போய்விட்டாள். வயது 25கூட இருக்காது. குழந்தை, வீடு, அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டாள். அங்கே பதிவு செய்த ஒரு மாதிரிப் பாட்டு, எபிக்கில் பயிற்சிக்கு இருந்த ஒரு கல்லூரி மாணவர் கையில் கிடைத்தது. அதுதான் திரும்பக் கதவைத் திறந்தது. அருண், இதில் ஸ்டீவி எங்கே வருகிறார், சொல்.

அருண், 9:23
சரி சரி. ஆனால் ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டையே எழுதியவர் அவர்தானே?

சித்தப்பா, 9:27
ஆமாம். ‘பெர்ஃபெக்ட் ஏஞ்சல்’, ‘டேக் எ லிட்டில் ட்ரிப்’, இரண்டும் அவருடையவை. மற்றதெல்லாம் மின்னியும் ருடால்ஃபும் எழுதியவை. அவர் கீபோர்டு வாசித்தார், டிரம்ஸ் அடித்தார், மவுத் ஆர்கன் ஊதினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. முந்தின ஆண்டு ஆகஸ்டில்தான் வட கரோலினாவில் கார் விபத்து, நினைவே இல்லாமல் கிடந்து எழுந்து வந்தவர். அந்த நிலையில் அடுத்தவர் ஆல்பத்துக்கு இவ்வளவு உழைத்தது பெரிய மனது. மின்னியும் அவருடைய வொண்டர்லவ் குழுவில் பின்குரல் பாடியவள்தான். அந்தப் பழக்கம்.

சித்தப்பா, 9:29
முதல் பாட்டு ‘ரீசன்ஸ்’ கேள். கிட்டார் கத்தும், டிரம்ஸ் முட்டும், அவள் குரல் அதன் மேலேறிப் பறக்கும். குருவிப் பாட்டைப் பாடிய அதே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

பெரியப்பா, 9:30
நாளை தண்ணீர் லாரி காலை 6 மணிக்கு. யாராவது மோட்டார் போட எழ வேண்டும்.

அருண், 9:30
நான் எழுகிறேன் அப்பா.

நிலா, 9:31
குருவிக்கு வாருங்கள் சித்தப்பா.

சித்தப்பா, 9:36
வருகிறேன். கெயின்ஸ்வில்லில் அவர்கள் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடிய மெட்டு அது. நீ இப்போது செய்கிறாயே, அதே வேலை. ஆல்பத்தில் அதைப் போட்டபோது டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஸ்டீவியின் எலக்ட்ரிக் பியானோ, ருடால்ஃபின் கிட்டார், அவள் குரல். பதிவின்போது வெளியே ஒரு பறவை கத்தியது மைக்கில் விழுந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இன்னொரு டேக் எடுத்திருப்பார்கள். இவர்கள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சித்தப்பா, 9:38
எனக்கு இதுதான் அந்த ஆல்பத்தில் ஸ்டீவி செய்த பெரிய காரியம். டிரம்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, அடிக்கத் தெரியும், அடிக்கவில்லை. இருபதுகளில் இருந்த பையனுக்கு அவ்வளவு அடக்கம் சாதாரணமில்லை. மிருதங்கக்காரர் பல்லவியில் கை நிறுத்திப் பாடகரை விடுவாரே அக்கா, அது மாதிரி.

மதுரை அத்தை, 9:40
அப்படி விடுகிறவர் இப்போது எங்கே இருக்கிறார்? போன மாதக் கச்சேரியில் பாடினவளின் வாயசைவுதான் எனக்குத் தெரிந்தது.

அருண், 9:42
ஒரு கேள்வி, கோபப்படக் கூடாது. ஸ்டீவி இல்லாமல் அடுத்த ஆல்பம் செய்தாளே, அதில் நம்பர் ஒன் வந்ததா?

சித்தப்பா, 9:47
வரவில்லை. ‘அட்வென்ச்சர்ஸ் இன் பாரடைஸ்’, 1975. நல்ல ஆல்பம், ஆனால் இந்த அளவு ஓடவில்லை. ஒப்புக்கொள்கிறேன், போதுமா? ஆனால் இதையும் கேள். ஸ்டீவி எழுதிய இரண்டில் எதுவும் நம்பர் ஒன் ஆகவில்லை. ஆல்பத்திலிருந்து முதலில் விட்ட சிங்கிள்களும் எடுபடவில்லை. ‘லவ்விங் யூ’ பிறகுதான் தனியாக வந்தது, 1975 ஏப்ரலில் அமெரிக்காவில் முதலிடம். பிரிட்டனில் இரண்டாவது. தாலாட்டுதான் ஜெயித்தது.

சித்தி, 9:48
தாயின் பாட்டு ஜெயித்தது என்று சொல்லுங்கள். உங்கள் கட்சியும் வேண்டாம், அவன் கட்சியும் வேண்டாம்.

நிலா, 9:50
பாட்டின் கடைசியில் ஏதோ பெயர் சொல்கிறாளே. மாயா, மாயா என்று. அதுதான் அந்தக் குழந்தையா?

சித்தப்பா, 9:50
அதுதான்.

அருண், 9:52
ஒரு நிமிஷம். மாயா... ருடால்ஃப்? சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்த மாயா ருடால்ஃபா?! கமலா ஹாரிஸ் வேஷம் போட்டாரே!

சித்தப்பா, 9:53
அவளேதான். இத்தனை நாள் தெரியாதா உனக்கு?

அருண், 9:53
சத்தியமாகத் தெரியாது. அந்த வேஷத்துக்கு 2020இல் எம்மி விருதே வாங்கினார்.

பெரியப்பா, 9:55
கமலாவின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம். மன்னார்குடி பக்கம். தேர்தல் சமயம் அங்கே கோயிலில் அர்ச்சனை செய்தார்கள், பேப்பரில் போட்டிருந்தான்.

மதுரை அத்தை, 9:57
அந்தப் பெண்ணின் அம்மா ஷியாமளா நன்றாகப் பாடுவாளாம். சின்ன வயதில் கர்நாடக சங்கீதப் போட்டியில் தேசிய அளவில் பரிசு வாங்கியவள் என்று படித்தேன். சென்னையில் பிறந்து, படிக்கத் தனியாக அமெரிக்கா போனவள்.

சித்தி, 10:03
ஷியாமளா என்ன ஆராய்ச்சி செய்தார் தெரியுமா அத்தாச்சி? மார்பகப் புற்றுநோய். புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி பற்றி. எங்கள் லேப்பில் கட்டித் துணுக்கு வந்தால் அந்த ஏற்பி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் எழுதி அனுப்புவோம். எந்த மருந்து பிடிக்கும் என்று டாக்டர் முடிவு செய்ய அது வேண்டும்.

சித்தப்பா, 10:05
மின்னிக்கு அதே நோய்தான்.

நிலா, 10:05
ஐயோ.

சித்தப்பா, 10:11
1976 ஜனவரியில் தெரியவந்தது. ஒரு மார்பகத்தை எடுத்தார்கள். அப்போதே வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது, ஆறு மாதம் என்று கணக்குச் சொன்னார்கள். அவள் மூன்றரை வருடம் இருந்தாள். கச்சேரி விடவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் டிவி நேர்காணலில் உட்கார்ந்து எனக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது என்று வெளிப்படையாகச் சொன்னாள். வீட்டுக்குள்ளேயே மூடி மூடிப் பேசிய காலம் அது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஊர் ஊராகப் பேசினாள். அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையால் விருது. கேட்டவர்கள் எல்லாம் குணமாகிவிட்டாள் என்றே நினைத்தார்கள்.

சித்தப்பா, 10:13
1979 ஜூலை 12. வயது 31. மாயாவுக்கு ஏழாவது பிறந்தநாள் வர இன்னும் 15 நாள் இருந்தது.

மதுரை அத்தை, 10:17
சிவ சிவா.

மதுரை அத்தை, 10:18
இத்தனை பேர் இருக்கிறோமே, நாற்பது தாண்டியும் பரிசோதனைக்குப் போகாத பெண்கள் யார் யார்? நானும் போகவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

சித்தி, 10:19
திங்கட்கிழமை நான் லீவு. உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நேரில் பேசுவோம்.

பெரியப்பா, 10:22
அந்தப் பாட்டை நானும் கேட்டேன். குருவி எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்ததில் கடைசியில் பெயர் சொல்வதைத் தவறவிட்டேன். திரும்பப் போட்டேன். உச்சியில் போகும்போது தெருநாய் இரண்டு நிமிர்ந்து பார்க்கிறது.

அருண், 10:23
அப்பா, ஸ்பீக்கரில் போட்டீர்களா? அதுதான் கீழ்வீட்டிலிருந்து மணி அடித்தார்கள்.

அருண், 10:24
சித்தப்பா, நாளை மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன். உறையில் கருங்காளையைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா, 10:25
வா. கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உறையைத் தொட வேண்டும். ‘ரீசன்ஸ்’ முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சொல்லிவிட்டேன்.

நிலா, 10:27
தூங்கிவிட்டாள். கடைசி ‘மாயா’வுக்கு முன்னாலேயே. எல்லோரும் போனைக் கீழே வையுங்கள், ஒரு சத்தம் வரக் கூடாது.

பெரியப்பா குழு அழைப்பைத் தொடங்கினார், 10:28

நிலா, 10:28
பெரியப்பா!!!

பெரியப்பா, 10:29
கை பட்டுவிட்டது.