பெரிய வீட்டுக் குழுவில் ஜெனோவா ஆன்ட்டி

பிப்ரவரி 26

ஹொனலுலு அத்தை, காலை 7:10
உங்களுக்கு 26 விடிந்துவிட்டது. இங்கே இன்னும் 25ஆம் தேதி பிற்பகல்தான். ஜெனோவா கெயாவே மறைந்த நாள். 2008இல், 89 வயதில். காலையிலிருந்து அவர் பாட்டையே போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் ஒன்று கேளுங்கள்.

🎵 அலிக்கா

சித்தப்பா, 7:14
யார் அக்கா இவர்? பெயரைப் பார்த்தால் இத்தாலிக்காரர் போல இருக்கிறதே.

ஹொனலுலு அத்தை, 7:19
அசல் ஹொனலுலுக்காரர். 1918இல் பிறந்தார். லாயியே என்ற கடலோர ஊரில் தேவாலயத்தில் பாடி வளர்ந்தார். பன்னிரண்டு பிள்ளைகள்! அத்தனை பேரையும் வளர்த்துக்கொண்டே பாடினார். இந்த ஹவாய்த் தீவுகளில் எல்லோருக்கும் அவர் ஜெனோவா ஆன்ட்டிதான்.

பெரியம்மா, 7:31
கேட்டேன். சுருதி சுத்தம், தாளமும் துள்ளுகிறது. ஆனால் மேல் ஸ்தாயியில் இது இயல்பான குரல் இல்லாமல் கள்ளக்குரல் அல்லவா? என் மாணவி இப்படிப் பாடினால் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

தம்பி, 7:32
வந்துவிட்டார் பரீட்சை அதிகாரி 😄

ஹொனலுலு அத்தை, 7:38
அண்ணி, இவர்கள் மரபே அதுதான். கீழ்க்குரலிலிருந்து மேலே தாவும்போது குரல் ஓரிடத்தில் உடையும் அல்லவா? நாம் அதை மறைக்க வருடக்கணக்கில் சாதகம் செய்கிறோம். ஹவாய்ப் பெண்கள் அந்த உடைவை வேண்டுமென்றே கேட்கும்படி வைப்பார்கள். ஹாயி என்பார்கள். ஆன்ட்டி அதில் கரைகண்டவர். 2000இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதுகூடக் கொடுத்தார்கள்.

பெரியம்மா, 7:52
விருது இருக்கட்டும். இரண்டாம் முறை கேட்டேன். நடுவில் ஒரு கார்வை வருகிறதே, அம்மாடி! மூச்சை எங்கேதான் வைத்திருக்கிறார்?

ஹொனலுலு அத்தை, 7:55
அதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். எண்பது வயது தாண்டியும் மேடையில் அப்படித்தான் நீட்டுவார். கூட்டம் கைதட்டி, ஓய்ந்து, மறுபடியும் தட்டும். அவர் உகுலேலேயை மீட்டியபடி அதே சுரத்தில் நிற்பார்.

நான், 7:57
நேரில் கேட்டிருக்கிறீர்களா அத்தை?

ஹொனலுலு அத்தை, 8:06
வியாழக்கிழமை மாலைகளில் வைகிகியில் ஒரு ஹோட்டலில் பாடுவார். மகன் கேரியும் கூடப் பாடுவார். பாதிப் பேர் சுற்றுலாக்காரர்கள், பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். ஒரு பாட்டு தொடங்கியதும் கூட்டத்திலிருந்து யாரோ ஒரு பாட்டி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் போய் ஹூலா ஆடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் அந்தக் கைகளில் வரும். எனக்கு மொழி புரியாது, அந்தப் பாட்டிகளின் கையைப் பார்த்துத்தான் மழை எது, மலை எது என்று தெரிந்துகொண்டேன்.

1896இல் இங்கே பள்ளிகளில் ஆங்கிலத்தைத்தான் பயிற்றுமொழி ஆக்கினார்கள். ஹவாய் மொழி ஆட்சிமொழி ஆனது 1978இல். இடையில் வளர்ந்த எத்தனையோ பேருக்குத் தங்கள் மொழி காதில் விழுந்ததே இவரைப் போன்றவர்களின் பாட்டில்தான். அதனால்தான் அவர் பெயரைச் சொன்னாலே இங்கே பெரியவர்களுக்குக் கண் கலங்குகிறது.

சித்தப்பா, 8:15
பின்னால் இழைகிறதே, அது மடியில் வைத்து உலோகத் துண்டால் இழைத்து வாசிக்கும் ஹவாயன் கிதார்தானே? நம் பழைய சினிமாப் பாட்டுகளில் கேட்ட அதே இழைவு. 1940களில் டாவ் மோ என்பவர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி அதை வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். அங்கிருந்துதான் நம் நாட்டில் நன்றாகப் பரவியது.

ஹொனலுலு அத்தை, 8:18
அடேயப்பா, இது உனக்கு எப்படித் தெரியும்? டாவ் மோ பிறந்தது சமோவாவில், வளர்ந்தது அதே லாயியேயில்! அந்தக் கிதார் முறையைக் கண்டுபிடித்த ஜோசப் கெக்கூக்குவும் லாயியேக்காரர்தான்.

தம்பி, 8:19
அப்படியானால் அது அவர்களுடைய திருவையாறு.

பெரியம்மா, 8:24
சாயங்காலம் வகுப்பில் போட்டுக் காட்டப்போகிறேன். மூச்சைக் கவனிப்பதற்காக மட்டும். அந்த உடைவை யாரும் பழக வேண்டாம்.

தம்பி, 8:25
பெரியம்மா, மாடியில் சித்தப்பா ஏற்கெனவே பழகிக்கொண்டிருக்கிறார். கீழே வரைக்கும் கேட்கிறது.

சித்தப்பா, 8:26
தொண்டை கமறியது.