எட்டங்குலத்தில் பஞ்சு, ஐந்தங்குலத்தில் ரவை: ஒமேகா சென்டாரியில் எங்கே தப்பு?

மொட்டைமாடி:
சித்திரை அமாவாசைக்கு ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கம் ஒரு மாந்தோப்பில் கூடினோம். பத்துப் பேர், ஐந்து தொலைநோக்கிகள். காவலூர் வானாய்வகம் இருக்கிற மலை, வானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சென்னையில் தேடிப் பிடிக்கிற சித்திரை நட்சத்திரம் அங்கே ஏறிட்டுப் பார்த்ததும் கண்ணில் பட்டது.

வழியில் பஞ்சர், நான் போய்ச் சேரும்போதே மணி ஒன்பது தாண்டிவிட்டது. டிக்கியிலிருந்து என் எட்டங்குல டாப்சோனியனை (எட்டங்குல அகலக் கண்ணாடியை அடியில் வைத்த குழாய், ஒரு பெட்டி மேல் நிற்கும் தொலைநோக்கி) இறக்கினேன், உடனே தெற்கே திருப்பி ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைப் பிடித்தேன். கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ், அதாவது ஐபீஸ், 10 மி.மீ., உருப்பெருக்கம் 120 மடங்கு. தெரிந்தது ஒரு பஞ்சு உருண்டை, அதுவும் கொதிக்கிற பால் மாதிரி ததும்பிக்கொண்டு. பக்கத்தில் ஒரு பெரியவர் ஐந்தங்குலம்தான் வைத்திருந்தார், அதில் அதே கொத்து கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டினது போலப் பொடிப் பொடியாக இருந்தது. ஆல்பா சென்டாரி என்ற இரட்டை விண்மீனும் அவருக்கு இரண்டாகப் பிரிந்தது, எனக்கு ஒரே குமிழ். பதினொரு மணிக்கு மேகம் மூடியதும் கிளம்பிவிட்டோம். காசு கொடுத்து ஏமாந்துவிட்டேனா, கண்ணாடியே மட்டமா?

பழைய பைனாகுலர்:
கண்ணாடி மேல் பழி போடாதீர்கள் தம்பி. பகல் முழுக்க வெயிலில் ஓடின வண்டியின் டிக்கியில் அது என்ன சூட்டில் இருந்திருக்கும்? அங்கிருந்து நேராக மலைக்காற்றுக்கு வந்தால், கண்ணாடி ஆறும்வரை அதன் முகத்துக்கு மேலேயே சூடான காற்று எழும்பிக்கொண்டிருக்கும். வெயிலில் தார் ரோட்டுக்கு மேல் எல்லாம் நெளியுமே, அதே சங்கதி குழாய்க்குள் நடக்கிறது. எட்டங்குலக் கண்ணாடி தடிமனானது, ஆற ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அன்றைய சூட்டுக்கு அதற்கு மேலும் ஆகியிருக்கும். ஐந்தங்குலம் சீக்கிரம் ஆறிவிடும். அந்தப் பெரியவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டுப் பாருங்கள், சாயங்காலமே வந்து நிழலில் இறக்கி வைத்திருப்பார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சின்ன விசிறி ஒன்றைக் குழாயின் பின்பக்கம் கட்டி பவர் பேங்கில் ஓட்டுங்கள், பாதி நேரம் மிச்சம்.

தெற்குவானம்:
சூடு சரி, ஆனால் அது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தனை தூரம் குலுங்கி வந்த குழாயில் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

சோதிக்க லேசர் எல்லாம் வேண்டாம். பிரகாசமான விண்மீன் ஒன்றை நடுவில் நிறுத்தி ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். சுவாதி அந்த நேரம் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும், அங்கே டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு, அதனால் சித்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வளையங்கள் தெரியும். அவற்றின் மேல் தண்ணீர் ஓடுகிற மாதிரி நெளிந்தால் சூடு. நடுவிலிருக்கும் கறுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் கொலிமேஷன், கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் திருகுகளால் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று. ஒமேகா அங்கிருந்து அதிகபட்சம் 30 டிகிரி உயரம்தான் வரும், தலைக்கு மேலே பார்ப்பதைவிட இரண்டு மடங்கு காற்று குறுக்கே நிற்கும். தென்சிலுவை அதைவிடத் தாழ்வு. அங்கே எடுத்த எடுப்பில் 120 மடங்கு பேராசை. 25 மி.மீ. போட்டு 48 மடங்கில் ஆரம்பியுங்கள். அதற்காக ஒமேகாவை விட்டுவிடாதீர்கள், லண்டன்காரர்களுக்கு அடிவானத்துக்கு மேலே வரவே வராத கொத்து அது.

சிவப்பு_டார்ச்:
மொட்டைமாடி திருகில் கை வைக்கப் பயப்படுவார் என்று நினைக்கிறேன், எல்லாருக்கும் முதலில் இருக்கும். டாப்சோனியனை வடிவமைத்த ஜான் டாப்சன் வேதாந்த மடத்துத் துறவி, மடத்தில் இருந்துகொண்டே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர், 1967இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு அப்புறம் சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அவர் பாணிப் பெட்டியில் ஒளிவு மறைவே கிடையாது, பின்னால் மூன்று திருகு, அவ்வளவுதான். கால் சுற்று திருகிவிட்டு மறுபடி பாருங்கள்.

போன் வெளிச்சம் இருட்டுக்குப் பழகின கண்ணைக் கெடுத்துவிடும், பத்துப் பேரில் எத்தனை பேர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
நாலு பேர், என்னையும் சேர்த்து.

நேற்று மாடியில் பார்த்தேன். முதலில் ஒரு அசட்டுத்தனம்: கண்ணாடி குளிர்ந்தே இருக்கட்டும் என்று ஏசி அறையில் வைத்திருந்து வெளியே கொண்டுவந்தேன், சென்னை ஈரக்காற்று பட்டதும் முழுக்க ஆவி படிந்துவிட்டது. அது போக முக்கால் மணி நேரம். அப்புறம் சித்திரையில் பார்த்தால் வளையங்களில் நெளிவு இல்லை, ஆனால் நடுக்கறுப்பு நன்றாகவே இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஆக அன்றைக்கு இரண்டுமே இருந்திருக்கிறது. திருகினேன், முதலில் தப்பான திருகு, பிறகு சரியானது. அப்புறம் வசிஷ்டர்-அருந்ததியைப் பார்த்தால், வசிஷ்டர் மட்டும் தனியாகவே இரண்டு விண்மீன், நடுவில் கறுப்பு இடைவெளியோடு. அருந்ததி எங்கோ தள்ளி நிற்கிறாள்.

பெரியவரிடமும் கேட்டேன். நாலு மணிக்கே வந்து மாமரத்தடியில் இறக்கி வைத்தாராம்.

பழைய பைனாகுலர்:
சொன்னேனே! வைகாசி அமாவாசைக்கு ஒமேகா இன்னும் முன்னதாகவே உச்சத்துக்கு வந்துவிடும், பொழுது சாய்வதற்குள் போய்விடுங்கள். டயரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.