ஆர்ம்ஸ்ட்ராங்கின் மஞ்சள் வளையம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தென்னூர் அண்ணன்:

அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். விரையில் புற்றுநோய், அதிலிருந்து மீண்டு ஏழு டூர் டி பிரான்ஸ் பந்தய வெற்றி, அப்புறம் 2012-இல் ஊக்கமருந்துக்காக அத்தனை பட்டமும் பறிபோனது. அதை நான் சொல்லப் போவதில்லை. என் தம்பியின் மணிக்கட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

2005. அவனுக்கு 24 வயது. விரையில் கட்டி. வெட்கப்பட்டு நாலு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்று அம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வலியே வயிற்றுக்குள் நெறி கட்டியதால் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோவுக்குச் சேர்த்த வாரம், அமெரிக்காவில் இருந்த சித்தப்பா மகன், ஆர்ம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளை விற்ற அந்த மஞ்சள் ரப்பர் வளையத்தை அனுப்பினான். அங்கே ஒரு டாலர். இங்கே நடைபாதையில் போலி வளையங்கள் குவிந்து கிடந்த காலம் அது. தம்பிக்கு வந்தது அசல்.

டாக்டரிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் கொடுத்த அதே மருந்துதானே சார்?" டாக்டர் சிரிக்கவில்லை. ஃபைலின் பின்பக்கத்தில் நுரையீரல் படம் போட்டு விளக்கினார். வழக்கமாகக் கொடுக்கும் மூன்று மருந்துகளில் ப்ளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கலாம். ஆர்ம்ஸ்ட்ராங் சைக்கிள் பந்தயக்காரர் என்பதால் அதை விட்டுவிட்டு வேறொன்று கொடுத்தார்கள். "மற்ற ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அவருக்கு மூளை வரைக்கும் போயிருந்தது. உனக்கு அப்படி இல்லை" என்றார். அன்று இரவுதான் தம்பி ஒழுங்காகச் சாப்பிட்டான்.

ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் சிஸ்டர் வளையத்தைக் கழற்றப் போனபோது கையை இழுத்துக்கொண்டான். "இந்தக் கையில வேண்டாம் சிஸ்டர், அந்தக் கையில பாருங்க." பக்கத்துக் கட்டிலில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், எலும்பில் புற்று. இரவெல்லாம் தம்பி அவனுக்கு ஆர்ம்ஸ்ட்ராங் மலை ஏறுகிற கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பான்.

2013 ஜனவரி. தொலைக்காட்சிப் பேட்டியில் ஓப்ரா வின்ஃப்ரே ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கேட்கிறார். தடை செய்யப்பட்ட மருந்து எடுத்தீர்களா? ஆம். இரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா? ஆம். ஏழு டூரிலுமா? ஆம். லேப்டாப்பில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி எழுந்து மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது மணிக்கட்டில் வளையம் இல்லை. ஏழெட்டு வருடம் வெயில் படாத தோல் அந்த இடத்தில் மட்டும் வெளுத்து, ஒரு பட்டை போலத் தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் மாடித் தொட்டிச் செடி மண்ணில் அது கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். இன்று வரை அவனுக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது உண்டா?

லாச்சப்பல்காரன்:

நான் ஆர்ம்ஸ்ட்ராங்கை நேரில் கண்டனான் என்று சொல்லலாம், ஒரு விரலளவு உருவமாக.

2005 ஜூலை 24. பாரிசில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. வந்து ரெண்டு வருசம், விசாவும் சரிவரவில்லை. முதலாளியிடம் கெஞ்சி மூன்று மணித்தியாலம் லீவு எடுத்துக்கொண்டு, அன்று டூர் வந்து முடிகிற ஷான்ஸ் எலிசே வீதிக்குப் போனேன். அன்று மழை. வீதி வழுக்கும் என்று நேரக் கணக்கை முன்னமே முடித்துவிட்டார்கள், அதனால் அவருடைய ஏழாவது வெற்றி கோட்டைத் தொட முன்னமே உறுதியாகிவிட்டது. மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். சைக்கிளை நம்பாதவர்களுக்காக, சந்தேகப்படுகிறவர்களுக்காக வருந்துகிறேன், உங்களால் பெரிதாகக் கனவு காண முடியவில்லை, அற்புதங்களை நம்ப முடியவில்லை என்ற மாதிரிக் கதைத்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் அழுதேன். ஊரை விட்டு வந்து தனி அறையில் கிடக்கிறவனுக்கு அற்புதம் என்ற சொல் போதும்.

பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவர். பழைய சைக்கிள் தொப்பி, கையில் மடக்குக் கதிரை. அவர் கைதட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்படியே கதிரையை மடக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தார். பொறாமை பிடித்த மனுசன் என்று நினைத்தேன். அவர்களுடைய ஆள் ஒருவர் வென்று இருபது வருசமாகிவிட்டது, அந்த எரிச்சல் என்றும் நினைத்தேன். ஒரு மாதம் போகவில்லை, லெக்கிப் பத்திரிகை முன்பக்கத்தில் போட்டது: 1999 இல் எடுத்து வைத்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீரை மறுபடி சோதித்ததில், சிவப்பணுவைக் கூட்டுகிற ஈ.பி.ஓ. என்ற ஊக்கமருந்து இருந்தது என்று. எங்கள் சமையல்காரர் அந்தப் பக்கத்தைக் கழுவுமிடத்துக்கு மேலே ஒட்டிவிட்டார். நான் அதைக் கிழித்து எறிந்தேன். ஏழு வருசம் அவருக்காக எல்லாரோடும் சண்டை பிடித்தேன்.

அந்தக் கிழவரின் முகம்தான் இப்பவும் வருகிறது. அவர் என்னைப் பார்த்து இரங்கினவர், கோபிக்கவில்லை.

மதுரை மகள்:

தென்னூர் அண்ணன், உங்கள் தம்பி கழற்றியது சரி. நீங்கள் எடுத்து வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது.

அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். ஹீமோகுளோபின் 7-ஐத் தாண்டாது. சிறுநீரகம் கெட்டுப்போனால் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோன் சுரக்காது, அது இல்லாமல் சிவப்பணு உருவாகாது, அதற்குத்தான் அந்த ஊசி. அதே ஈ.பி.ஓ. தான். எங்கள் வீட்டில் அதன் பெயர் 'ரத்தம் ஊற வைக்கிற ஊசி'. எங்கள் ஊரில் கிடைக்காது, நான் மதுரையில் வாங்கி வர வேண்டும். குளிர் போனால் மருந்து வீண். ஒரு சித்திரை மாதம் காரியாபட்டி தாண்டிப் பேருந்து நின்றுவிட்டது. பையில் இருந்த ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டது. இறங்கி ஓடி ஒரு ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டேன். கடைக்காரர் காசு வாங்காமல் பாட்டில் நிறையப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பாட்டிலை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வீடு வந்தேன். புடவை எல்லாம் ஈரம்.

2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆதாரம் வெளியிட்டது. அதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 1999 பந்தயத்தின்போது ஒருவர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து இந்த ஊசியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். என் அம்மா படுக்கையிலிருந்து வாசல் வரை நடப்பதற்கு நான் மடியில் வைத்து வந்த மருந்து. அதைக் கீமோவில் இரத்தம் வற்றிக் கிடந்த ஒருவர், அதன் அருமை தெரிந்த ஒருவர், நல்ல உடம்பில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

நொய்யல் சைக்கிள்:

மதுரை மகள், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அவர் ஒருவர் மட்டும் செய்தது போலப் பேசுவது நியாயமில்லை. அந்த ஏழு வருடத்தில் இரண்டாவது வந்தவர்களைப் பாருங்கள். சூலே, உல்ரிச், பாசோ என்று பலர் ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட்டவர்கள், இல்லை தாங்களே ஒப்புக்கொண்டவர்கள். அதனால்தான் 1999 முதல் 2005 வரை பட்டத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாக விட்டார்கள். 1999-இல் ஈ.பி.ஓ.வுக்குச் சோதனையே கிடையாது. இரத்தத்தில் சிவப்பணு அளவு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மட்டும்தான் பார்த்தார்கள். அதற்குக் கீழே எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

என் அனுபவம் சின்னது. 2003 டூர், லூஸ் ஆர்டிடென் மலை. ரசிகர் ஒருவரின் பை வார் ஹாண்டில்பாரில் மாட்டி ஆர்ம்ஸ்ட்ராங் விழுந்தார், முன்னால் இருந்தவர்கள் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார்கள், அவர் எழுந்து வந்து எல்லாரையும் விட்டுவிட்டுப் போனார். அப்பாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் காலை அப்பாவின் பழைய சைக்கிளை எடுத்து மருதமலை அடிவாரம் வரை மிதித்தேன். இன்று வரை நிறுத்தவில்லை.

தென்னூர் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பியை வருடா வருடம் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறீர்களா? அந்த மூன்று கீமோ மருந்துகளில் ஒன்றான சிஸ்பிளாட்டின் போட்டவர்களுக்கு வருடங்கள் கழித்தும் காது கேட்பது குறையலாம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வந்தவர்களுக்கு இன்னொரு பக்கமும் வர வாய்ப்பு உண்டு, அதனால் மாதம் ஒரு முறை குளித்தபின் அவரே தடவிப் பார்க்க வேண்டும். வலிக்காத கட்டியும் ஆபத்துதான். உங்கள் வீட்டில் வளர்ந்த பையன்கள் இருந்தால் அவர்களுக்கும் இப்போதே சொல்லிக் கொடுங்கள், வெட்கப்பட்டு நாலு மாதம் போக வேண்டாம். அப்புறம், ஜிம்முக்குப் போகிற பையன்களா? டப்பாவில் விற்கும் பவுடர், 'பம்ப்' ஆகிறது என்று நண்பன் கொடுக்கும் ஊசி, எதையும் தொட விடாதீர்கள். சோதனையில் மாட்டுவதை விடுங்கள், இருதயம் தாங்காது. ஈ.பி.ஓ. அளவு மிஞ்சினால் இரத்தம் கெட்டியாகிவிடும், உறைந்து அடைத்துக்கொள்ளும். சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், கியர் இல்லாததே போதும். சீட் உயரம் மட்டும் சரியாக வையுங்கள், பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

நானூறு மீட்டர்:

எல்லாரும் எடுத்தார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறதா, நொய்யல்? எல்லாரும் எம்மா ஓ'ரைலி மீது வழக்குப் போட்டார்களா?

ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணியில் மசாஜ் செய்து பார்த்துக்கொண்ட அயர்லாந்துப் பெண். 1999-இல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீர்ச் சோதனையில் கார்ட்டிசோன் என்ற மருந்து தெரியவந்ததும், சேணப் புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று பின்தேதியிட்ட மருந்துச் சீட்டு தயாரித்ததைச் சொன்னவர். அவரைக் குடிகாரி என்றும் அதைவிடக் கேவலமாகவும் ஆர்ம்ஸ்ட்ராங் பேசினார். மருத்துவமனை அறையில், ஊக்கமருந்து எடுத்ததாக ஆர்ம்ஸ்ட்ராங்கே டாக்டரிடம் சொன்னதைக் காதால் கேட்டதாகச் சொன்னவர் சக வீரரின் மனைவி பெட்ஸி ஆண்ட்ரூ, அவரையும் விடவில்லை.

நான் விளையாட்டு விடுதியில் வளர்ந்தவள். மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம், என் அறைத் தோழியின் தலையணை உறைக்குள் சின்ன மருந்துக் குப்பிகள் கிடந்தன. அவளே கையில் கொடுத்து, "அக்கா, இது என்னன்னு எனக்குத் தெரியல, போடச் சொல்றாங்க" என்றாள். நான் போய்ச் சொன்னேன். மூன்றாம் நாள் என் பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டார்கள், ஒழுக்கம் சரியில்லை என்று. அப்பா அழைத்துப் போக வந்தபோது அந்த வார்த்தையை அவர் முன்னாலேயே சொன்னார்கள். பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓப்ராவிடம் எம்மாவைப் பற்றிக் கேட்டபோது, மிதிபட்டவர்களில், மிரட்டப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்றார் ஆர்ம்ஸ்ட்ராங். நான் மிதித்தேன் என்று வரவில்லை. அந்த இடத்தை மட்டும் நான் நாலைந்து முறை திரும்பப் போட்டுக் கேட்டேன்.

தென்னூர் அண்ணன்:

நொய்யல், பரிசோதனை ஒழுங்காக நடக்கிறது, நன்றி. தம்பிக்கு இப்போது ஒரு மகள். நானூறு மீட்டர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை.

மதுரை மகள் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன். ஏமாற்றிவிட்டார் என்ற கோபத்திலா கழற்றினாய்? இல்லை என்றான். "எனக்கு அவர் ஒண்ணும் பாக்கி இல்லண்ணே. மருந்து நெஜம், நான் பொழச்சது நெஜம்."

ரொம்ப நேரம் கழித்துத்தான் மீதியைச் சொன்னான். பக்கத்துக் கட்டில் பையன் நினைவிருக்கிறதா என்று கேட்டான். கடைசி வாரம் அந்தப் பையன், "இவரு மாதிரி மனசு வெச்சா நானும் எழுந்துருவேன் இல்லண்ணே?" என்று கேட்டிருக்கிறான். தம்பி ஆமாம் என்று சொல்லி, வளையத்தைக் கழற்றி ஒரு ராத்திரி அவன் கையில் போட்டுவிட்டிருக்கிறான். காலையில் அந்தப் பையனின் அம்மா துணி மூட்டை கட்டும்போது வளையத்தை மறக்காமல் எடுத்துவந்து தம்பி கையில் கொடுத்திருக்கிறார்.

இது எனக்குத் தெரியாது. அந்த அறையில் தினமும் இருந்தவன் நான்.

வளையம் என்னிடம் இருப்பதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவன் மகள் வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.