மவுசாக்கலைக் கரையில் ஒரு இரவு கூடாரம்: வயதான அப்பா, 6 வயது மகளோடு சரிப்பட்டு வருமா?

வத்தளை சுபா

எல்லோருக்கும் வணக்கம். பெப்ரவரியில் ஒரு வார இறுதிக்கு மஸ்கெலியாப் பக்கம் போய், மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையில் ஒரு இரவு கூடாரம் அடித்துத் தங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தது என் 10 வயது மகன். யாரோ ஏரிக்கரையில் நெருப்பு மூட்டிச் சோளம் சுடுகிற வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை.

எனக்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. அப்பா மஸ்கெலியாக்காரர். நீர்த்தேக்கம் கட்டி மஸ்கெலியாவின் பழைய டவுன் தண்ணீருக்குள் போனபோது அவருக்கு 9 வயதாம். நாற்பது வருடமாகக் கொழும்பிலும் வத்தளையிலும் கடை, கணக்கு என்றே காலம் போய்விட்டது. கூடாரம் என்று சொன்னதும், "தோட்டத்து லயத்திலே ஒரே காம்பராவிலே பதினோரு பேர் படுத்தவனுக்குக் கூடாரமா புதுசு" என்று சிரித்தார். ஆனால் மறுநாளே பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் காயப் போட்டுவிட்டார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. சின்னவளுக்கு 6 வயது, இரவில் இரண்டு தடவை எழுந்து வெளியே போகிறவள். போன வருடம் வேறொரு இடத்தில் காசு கட்டிப் போய் ஏமாந்தோம். படத்தில் டைல்ஸ் போட்ட கழிப்பறை, நேரில் போனால் தகரக் கதவும் வெறும் வாளியும். அதனால்தான் இந்தத் தடவை முதலிலேயே கேட்கிறேன். தண்ணீர் ஓரமாகவே கூடாரம் அடிக்கலாமா? யாரிடம் அனுமதி கேட்பது? குளிர் எப்படி? அட்டைக்கடி இருக்குமா? போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) சேர்த்து லீவு போட்டால் நல்லதா?

லக்சபான பழையவர்

மகள், கேள்விகளில் முதலாவதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். மற்றதற்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

தண்ணீர் ஓரத்தில் அடிக்க வேண்டாம். இதை நான் படித்துச் சொல்லவில்லை, நனைந்து சொல்கிறேன். மின்சார சபையில் 31 வருடம் இருந்தேன். அதில் பாதிக் காலம் அணைகளில் நீர்மட்டம் பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிற வேலை. அப்படிப்பட்ட நான் ஒரு ஒக்டோபர் மாதம் பெண்சாதி, இரண்டு பொடியன்கள், மச்சான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மவுசாக்கலைக் கரையில் நல்ல சமதரையாகப் பார்த்துக் கூடாரம் அடித்தேன். பச்சைப் பசேல் என்று புல், பாய் விரித்த மாதிரி. தண்ணீர் 20 அடி தள்ளி இருந்தது. எங்களுக்கு மேலே ஒரு துளி மழை இல்லை. சிவனொளிபாதமலைப் பக்கம் மட்டும் சாயங்காலத்திலிருந்து மின்னிக்கொண்டே இருந்தது. இரவு இரண்டு மணிக்கு மச்சான் என்னைத் தட்டி எழுப்பி, "அத்தான், பருப்புச் சட்டி எங்கேயோ போகுது" என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தால் சட்டி மூடியோடு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் கால்மாட்டில் தண்ணீர். மறுநாள் வேலைக்குப் போய் அதே நீர்மட்டத்தைப் புத்தகத்தில் எழுதினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கரை சரிவாக இருந்தால் மட்டம் இரண்டடி ஏறினாலும் தெரியாது. சமதரையில் அதே இரண்டடி கூடாரத்தைத் தாண்டிப் போய்விடும். நாம் கரை என்று நினைக்கிற அந்த அழகான புல்தரை உண்மையில் ஏரியின் தரை. தண்ணீர் கொஞ்ச நாள் விட்டுக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைச் சுற்றி ஒரு கோடு ஓடும். குளித்து முடித்த தொட்டியில் சவர்க்கார அழுக்குப் படிந்த கோடு மாதிரி. அதற்குக் கீழே செம்மண், கல், சின்னப் புல். அதற்கு மேலேதான் கொய்யாச் செடி, பன்னம், பைனஸ், தேயிலை எல்லாம் வளரும். பல வருடம் நின்ற மரம் இருக்கிற இடம்தான் தரை. அந்தக் கோட்டுக்கு மேலே, ஓடை வந்து விழுகிற வாயை விட்டுத் தள்ளி அடியுங்கள். தண்ணீருக்குப் பத்து நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

பெப்ரவரியில் மழை குறைவு, மட்டம் இறங்கியிருக்கும். அப்போது வேறு ஒரு ஆபத்து. தண்ணீர் விலகிய சேறு மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், உள்ளே களி. பெரியவர் பழைய டவுன் தெரிகிறதா என்று பார்க்க இறங்குவார், பொடியன் பின்னாலேயே ஓடுவான். தடியால் குத்திப் பார்க்காமல் கால் வைக்க விடாதீர்கள். முழங்கால் வரை போனால் இழுத்து எடுப்பது லேசில்லை. குளிப்பும் வேண்டாம். அடியில் பழைய மரக்கட்டை இருக்கும், ஓரத்திலிருந்தே திடீரென்று ஆழம் இறங்கும். நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. வரும் வழியில் யாராவது "நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபானப் பக்கம் ஆற்றில் நல்ல பாறை இருக்கு, அங்கே அடிங்க" என்று சொன்னால் கேட்காதீர்கள். 1969இல் மஸ்கெலியா ஓயாவை மறித்துத்தான் மவுசாக்கலையைக் கட்டினார்கள். அந்தத் தண்ணீர் சுரங்கத்தில் கென்யன் மின் நிலையத்துக்குப் போய், பிறகு லக்சபான, அதற்கும் கீழே பொல்பிட்டிய என்று படி இறங்குகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் காசல்ரீயிலிருந்து நோர்ட்டனுக்கும் இதே கதைதான். கீழே இருக்கிற அணைகள் சின்னவை, மழை பெய்தால் சீக்கிரம் நிரம்பும், கதவைத் திறந்துவிடுவார்கள். சைரன் சத்தம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாறையிலிருந்து ஓட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அணைக்குக் கீழே ஆற்றில் படுக்கவே கூடாது.

சாமிமலை கொழுந்து மகள்

ஐயா தண்ணீரைச் சொல்லிவிட்டார். நான் மரத்தைச் சொல்கிறேன்.

அக்கா, கூடாரம் அடிக்கிறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி மரத்தைப் பாருங்க. குளவிக் கூடு. எங்க அம்மா 26 வருடம் கொழுந்து எடுத்தவங்க, இரண்டு தடவை கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாங்க. கூட்டைப் பார்க்காமல் கீழே நெருப்பு மூட்டினால் புகை நேரே அதற்குள்ளேதான் போகும். பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்க. சென்ட், பவுடர் வாசம் வேண்டாம். பைனஸுக்கு அடியில் நெருப்பே கூடாது. காய்ந்த ஊசி இலை ஒரு சாண் தடிப்பில் கிடக்கும், பெப்ரவரியில் ஒரு பொறி போதும். சின்னக் கேஸ் அடுப்பு கொண்டு போங்க. தம்பிக்குச் சோளம் அதிலேயே சுடலாம், கொஞ்சம் கருகும், அவ்வளவுதான்.

அனுமதி விஷயம்: கரை நீர்த்தேக்கத்துக்கு உரியது, மேலே போனால் தோட்டம், அதற்கும் மேலே ஒதுக்குக் காடு. காட்டுக்குள்ளே அனுமதி இல்லாமல் தங்க முடியாது. எங்கே தங்கப் போகிறீர்களோ, அந்தத் தோட்டத்து ஆபீஸில் முதல் நாளே பேசுங்க. சும்மா கொண்டுபோய் அடித்தால் இரவில் வாச்சர் வந்து எழுப்புவார், அவர் மேலேயும் பிழை இல்லை. லயத்துக்குப் பக்கமாக, கூப்பிட்டால் ஆள் வருகிற தூரத்தில் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. காசு கொடுத்துத் தங்கும் இடம் என்றால், "கழிப்பறையில் பைப் திறக்கிற வீடியோ ஒன்று அனுப்புங்க" என்று கேளுங்க. கேட்க வெட்கப்படாதீங்க.

நாயைக் கூட்டிக்கொண்டு வராதீங்க. எங்கள் பக்கம் சிறுத்தை இருக்கு. மனிதரைத் தேடி வருவதில்லை, நாயைத் தேடி வரும். மிச்சச் சாப்பாட்டை வெளியே வைத்தால் காட்டுப் பன்றி வரும். சின்னவள் இரவில் எழுந்தால் தனியாக விடாமல், டோர்ச் அடித்து, செருப்பை உதறிப் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்க.

அட்டை வெயில் நாளில் குறைவு, ஆனால் ஓடை ஓரத்தில் எப்போதும் உண்டு. கல் உப்பைத் துணியில் முடிச்சுக் கட்டி நனைத்து வைத்துக்கொள்ளுங்க. கடித்த இடத்தில் அந்த முடிச்சால் தொட்டால் விழுந்துவிடும். பிய்த்து எடுக்க வேண்டாம்.

குளிர் மேலேயிருந்து வருவதை விடக் கீழேயிருந்துதான் வரும். அதற்கு எங்கள் ஆட்களின் வைத்தியம் படங்கு, தண்ணீர் புகாத தடித்த விரிப்பு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அதே படங்குதான். பனியும் ஈரமும் உள்ளே வராது. அதை நிலத்தில் விரித்து, மேலே பாய், அதற்கு மேலே கம்பளி. கடையில் வாங்கும் மெல்லிய ஷீட்டை விட நூறு மடங்கு மேல். என்னிடம் இரண்டு இருக்கு, வரும்போது சொல்லுங்க, தருகிறேன். விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வரும், அப்பாவுக்குக் காதை மூடுகிற தொப்பி கட்டாயம். ஏரித் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், தேயிலைக்குப் போடுகிற உரமும் மருந்தும் மழையில் அங்கேதான் வந்து சேரும்.

போயா வேண்டவே வேண்டாம் அக்கா. டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை ஏறுகிற சீசன். போயா வார இறுதியில் ஹட்டனிலிருந்து மலையடி நல்லதண்ணி வரைக்கும் வேன்தான் நிற்கும். சாதாரண சனிக்கிழமையிலும் கூட்டம்தான், ஆனால் நகரும்.

கம்பளை ரியாஸ்

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் குளிருக்குள் போக வேண்டும்? ரந்தெனிகல பக்கம் போங்க. சூடு, நல்ல காடு, பெரிய ஏரி.

லக்சபான பழையவர்

தம்பி ரியாஸ், விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டம்பே மூன்றையும் சுற்றி இருப்பது சரணாலயம். யானை உலாவுகிற இடம். 6 வயதுப் பிள்ளையைத் துணிக் கூடாரத்தில் படுக்க வைத்துவிட்டு நான் தூங்க மாட்டேன். சரி, பெரியவருக்கு ரந்தெனிகலயில் என்ன இருக்கிறது? அவர் ஊர் மவுசாக்கலைக்கு உள்ளே கிடக்கிறது.

கம்பளை ரியாஸ்

அதுவும் சரிதான் அண்ணே. கொத்மலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும்போது, அதற்குள் மூழ்கிய கடதொர விகாரையைப் பார்க்க எங்கள் வாப்பாவும் போவார். அவருக்கு அங்கே சொந்தம் யாரும் இல்லை, சும்மா போய் நின்று பார்த்துவிட்டு வருவார்.

வத்தளை சுபா

போய் வந்துவிட்டோம். எழுத ஒரு வாரம் பிந்திவிட்டது, சின்னவளுக்குச் சளி.

தோட்டத்து ஆபீஸில் பேசி, லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில், கோட்டுக்கு மேலே, ஒரு கிழட்டுக் கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் அடித்தோம். கோட்டைக் கண்டுபிடித்தது மகன். "தாத்தா, சவர்க்காரக் கோடு" என்று கத்தினான். குளவிக் கூடு இல்லை. அட்டை இரண்டு, இரண்டும் என் காலில். கழிப்பறைக்கு லயத்தில் ஒரு அக்கா கதவைத் திறந்துவிட்டார், நடுச்சாமத்திலும் முகம் கோணவில்லை. காலையில் ரொட்டியும் கட்டாச் சம்பலும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. நான் வத்தளையிலிருந்து சுமந்து வந்த நூடில்ஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பழைய டவுன் கோயில் தெரியவில்லை. மட்டம் இன்னும் அவ்வளவு இறங்கவில்லையாம். கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றும் வெளியே வர இன்னும் சில வாரம் வெயில் காய வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு கோட்டில் நின்று, வெறும் தண்ணீரைக் காட்டி என் மகனுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். "அந்தா, அங்கேதான் பஸ் திரும்பும். அதுக்கு இடது கைப் பக்கம் சாப்புக் கடை. கடைக்குப் பின்னாலே படி இறங்கினா கோயில்." மகன் கையை நீட்டி, "இடமா வலமா?" என்று கேட்டுக் கேட்டு ஒரு கொப்பித் தாளில் கீறிக்கொண்டான். பஸ் திரும்பும் இடத்தில் ஒரு கொக்கு நின்றது.

இரவு சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற வழி முழுக்க விளக்கு. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குளிர் என்று சொல்லிப் படுத்துவிட்டார். அவருக்குத்தான் படங்கு விரித்த பக்கம். முழங்கால் வலிக்கவில்லை என்கிறார், நம்பலாமா தெரியவில்லை.

சாமிமலைத் தங்கச்சி, உங்கள் படங்கு இரண்டும் எங்கள் வேனிலேயே வத்தளைக்கு வந்துவிட்டது. கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஹட்டன் பஸ்ஸில் யாரிடம் கொடுத்துவிட்டால் கைக்கு வரும்?

சாமிமலை கொழுந்து மகள்

இருக்கட்டும் அக்கா. ஏப்ரலில் மட்டம் இறங்கும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது எடுத்துக்கொண்டு வாங்க. மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை வரும் மாதம், காலையிலேயே வந்துவிடுங்க.