புகைக்குழாய்த் துண்டை வைத்துக் காலம் கணிப்பது எப்படி?

குழுவில் தொல்லியல் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கிறேன். பக்கத்தில் பிரபு குடும்பம் ஒன்றின் பழைய மாளிகை. அதன் தோட்டத்தில் ஊர்க்காரர்களைச் சேர்த்து வாரயிறுதிகளில் அகழாய்வு நடக்கிறது. நானும் கரணையோடு போய் மண்டியிட்டுவிட்டேன். 2022 கோடையில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் புல்வெளி காய்ந்து, 1699-ஆம் ஆண்டுப் பூம்பாத்திகளின் கோலம் அப்படியே தெரிந்ததே, அன்று பிடித்த கிறுக்கு இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே குழியில் 14 களிமண் புகைக்குழாய்த் தண்டுகள், அந்தக் காலத்தில் புகையிலை பிடித்த குழாய்களின் துண்டுகள். பார்த்தால் உடைந்த சாக்பீஸ்தான். ஒன்றின் நுனி மட்டும் பல்பட்டுத் தேய்ந்திருக்கிறது. தோட்ட வேலைக்காரர் கடித்ததோ என்னவோ.

காலப்போக்கில் தண்டின் துளை சிறுத்துக்கொண்டே வந்ததாக அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் 1954-இல் காட்டினார். 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்குலத்தில் 9/64, 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் 4/64. ட்ரில் பிட்டின் பின்முனையை நுழைத்து அளந்தேன், பெரும்பாலும் 5/64. ஆனால் அவர் அளந்தது பெரும்பாலும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிடைத்தவற்றை. இங்கே அதே கணக்கு செல்லுமா? 14 துண்டு போதுமா?

அப்புறம் ஒரு தப்பு. ஆர்வக்கோளாறில் இரண்டு துண்டுகளை மண்ணடுக்கு எண் எழுதாமல் பையில் போட்டுவிட்டேன். அவற்றைக் கணக்கில் சேர்க்கலாமா, தனியாக வைக்க வேண்டுமா? சனிக்கிழமைக்குள் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும்.