ஈரானியக் காணொளிக் கலை பிறந்தது நியூயார்க்கிலா, தெஹ்ரானிலா?

கல்தச்சன்:
ஈரானியக் காணொளிக் கலை, அதாவது ஓடும் படத்தையே கலைப்படைப்பாக அரங்கில் காட்டும் கலை, என்று பேசத் தொடங்கினால் ஈரானில் பிறந்த கலைஞர் ஷிரின் நெஷாத்திடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1998இல் அவர் உருவாக்கிய 'டர்புலண்ட்' எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திரைகளாக ஓடுகிறது. ஒன்றில் ஓர் ஆண், நிறைந்த அவைக்கு முதுகைக் காட்டியபடி நம்மை நோக்கி பாரசீகக் கவிஞர் ரூமியின் கவிதையைப் பாடிக் கைதட்டல் பெறுகிறார். மற்றதில் ஒரு பெண், ஆளில்லாத அரங்கில் சொற்களே இல்லாமல் குரலெழுப்ப, பாடி முடித்த அந்த ஆண் வாயடைத்துப்போய்க் கேட்டுக்கொண்டு நிற்கிறார். ஈரானில் 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பின் ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாடத் தடை என்பதை அறிந்தவருக்கு இதற்கு உரை எதுவும் வேண்டியதில்லை. நடுவில் நிற்கும் நாம் ஒரு திரையைப் பார்த்தால் மற்றது முதுகுக்குப் பின்னே போய்விடுகிறது. திரையரங்கில் அமர்ந்து பார்க்கும் படத்தால் இதைச் செய்ய முடியாது. மறு ஆண்டே வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் நெஷாத் பரிசு பெற்றார்.

மழைக்காகிதம்:
உலகம் கண்டுகொண்ட நாளையும் ஒரு கலை தோன்றிய நாளையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். நெஷாத் இளம் வயதிலேயே படிப்புக்காக அமெரிக்கா சென்றவர். நீங்கள் சொல்லும் படைப்பு நியூயார்க்கில் எடுக்கப்பட்டது, அடுத்து வந்த 'ராப்ச்சர்' மொராக்கோவில். ஈரானுக்குள்ளே காணொளிக்கு வேறொரு வரலாறு உண்டு. 1980களில் வீடியோ நாடாக்களுக்கு அரசு தடை விதித்திருந்தபோது, 'ஃபில்மி' என்று அழைக்கப்பட்டவர்கள் கைப்பெட்டியில் நாடாக்களை ஒளித்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று வாடகைக்குக் கொடுத்தார்கள். அந்த நாடாக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் பிறகு படக்கருவியைக் கையில் எடுத்தது. 1997இல் சீர்திருத்தவாதியான கத்தாமி அதிபரான பின் கிடைத்த தளர்வில், அலிரெசா சமி அசாரின் பொறுப்பிலிருந்த தெஹ்ரான் தற்காலக் கலை அருங்காட்சியகம் 2001இல் பொருளைவிட எண்ணத்தை முன்னிறுத்தும் கருத்தியல் கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. ஓவியமும் எழுத்தோவியமும் ஆண்ட இடத்தில், அரங்கையே படைப்பாக அமைக்கும் நிறுவல்களும் ஓடும் படங்களும் உள்ளே வந்தன.

கல்தச்சன்:
வெளிநாட்டில் எடுத்ததைக் குறையாகச் சொல்கிறீர்கள். உள்ளே எடுக்க முடியாததால்தானே வெளியே எடுத்தார்? அரசு அருங்காட்சியகத்தை நம்பி எழுந்த கலைக்கு அரசு மாறினால் என்ன கதி? 2005இல் கடும்போக்காளரான அகமதிநெஜாத் அதிபராக வந்தார், சமி அசார் அந்தப் பொறுப்பில் நீடிக்கவில்லை. மரத்தின் நிழலில் நிற்கும் செடி எவ்வளவு வளரும்!

நிழல்நோக்கி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அருங்காட்சியகம் ஒன்றே கதை என்று இருவரும் எண்ணுவதாகத் தோன்றுகிறது. கலைஞர் அமீரலி காசெமி 1998இலேயே தெஹ்ரானில் 'பார்க்கிங்காலரி' என்ற, அரசு சாராத தனிக் கலை முயற்சியைத் தொடங்கிவிட்டார். காணொளிகளுக்கென்று அவர் 2007இல் ஆரம்பித்த விழாவின் பெயர் 'லிமிடெட் ஆக்சஸ்'. வரையறுக்கப்பட்ட அனுமதி என்ற அந்தப் பெயரில் உள்ள குறும்பை எண்ணிப் பாருங்கள். ஓவியத்தைச் சுருட்டி எடுத்துச் செல்லக்கூட ஆளும் வண்டியும் வேண்டும். காணொளிக்கோ ஒரு குறுவட்டு போதும், அது சட்டைப்பையில் அடங்கிவிடும்.

மழைக்காகிதம்:
நன்றி, நான் சொல்ல விட்டது அதுவே. கல்தச்சன் அவர்களே, பாட்டுத் தடையைப் பற்றியே தெஹ்ரானிலிருந்து வந்த ஒரு படைப்பை உங்கள் எடுத்துக்காட்டுக்கு அருகில் வைக்கிறேன். ஒளிப்படச் செய்தியாளர் நியூஷா தவக்கோலியன் 2010 அளவில் செய்த 'லிசன்' தொடரில் பெண் பாடகிகள் படக்கருவியின் முன் முழு மூச்சுடன் பாடுகிறார்கள். ஆனால் ஒலி நீக்கப்பட்டிருக்கிறது. வெளிவர வாய்ப்பே இல்லாத இசைத்தட்டுகளுக்குக் கற்பனை அட்டைகளையும் அவர் செய்து வைத்தார். நெஷாத் காட்டும் பெண்ணின் அரங்கில் ஆளில்லை, ஆனால் குரல் இருக்கிறது. இவர்களுக்கோ குரலே இல்லை. அசையும் உதடும் புடைக்கும் கழுத்து நரம்பும்தான் மிஞ்சுகின்றன. தடைக்குள்ளேயே வாழ்பவரால்தான் இப்படி எண்ண முடியும்.

கல்தச்சன்:
'லிசன்' வலிமையானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அது 'டர்புலண்ட்' வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. அந்த மௌனம் புரிய வேண்டுமானால் அருகில் ஒரு விளக்கச் சீட்டு வேண்டும். நெஷாத்தின் அரங்குக்கு அது வேண்டியதில்லை.

மழைக்காகிதம்:
தெஹ்ரானில் இருப்பவருக்கு எந்தச் சீட்டும் வேண்டியதில்லை, ஐயா. யாருக்குச் சீட்டு வேண்டும் என்பதில்தான் நாம் இருவரும் முதலிலிருந்தே வேறுபடுகிறோம்.