100 கிராமுக்காகப் பதக்கமே போய்விடுமா?

கேள்வி (பாம்பன்):
ஏலக்கூடத்து மீன் தராசில் ஏறித் தன் எடையைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் மகள், மல்யுத்தம் கற்க விரும்புகிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன்னேறிய வினேஷ் போகாட்டுக்கு வெள்ளிகூடக் கிடைக்காதது ஏன் என்று கேட்கிறாள். எனக்கு விடை தெரியவில்லை.

மறுமொழி (மண்டபம்):
ஐயா, ஓர் எடைப் பிரிவின் போட்டிகள் இரண்டு நாள் நடப்பதால் இரண்டாம் நாள் காலையிலும் எடை பார்ப்பார்கள். வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை முதல் நாளில் 3-2 என வீழ்த்திய வினேஷ், மறுநாள் 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடியிருந்ததால் தகுதியிழந்து, விதிப்படி கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். 100 கிராம் என்பது நம் ஊரில் இரண்டு கைப்பிடி நெத்திலிக் கருவாடு.

மறுமொழி (கீழக்கரை):
டோக்கியோவில் அவர் 53 கிலோவில் மோதியவர் என்பதையும் சொல்ல வேண்டும். உணவையும் நீரையும் குறைத்து எடையை இறக்கும் பழக்கம் வளரும் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. சாக்ஷி மாலிக் 2016 ரியோவில் 0-5 எனப் பின்தங்கி, பிறகு 8-5 என வென்று வெண்கலம் பெற்ற ஆட்டத்தை அவளுக்குக் காட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி. எங்கள் தராசு ஈரத்தில் கால் கிலோ முன்பின் காட்டும். நாளை மருந்துக்கடைக்கு அழைத்துப் போகிறேன்.